ஏரியின் மேல் ஒரு கோபுரம்

தியாகராய நகரில் ஒரு ஜோடி வேட்டி வாங்கி வரலாம் என்று மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டேன். வேட்டி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மண்ணைப் பற்றி இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தேன். இதற்காக வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

கடைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நுழைந்தபோது 'டங்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடியும் 'டங்'. பழைய வீடு ஒன்றை இடித்துவிட்ட வெற்று மனை. நடுவில் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, கயிற்றில் ஓர் இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக நின்று, "பதினொண்ணு... பன்னிரண்டு..." என்று எண்ணினான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிறார்கள் என்று நினைத்துக் கொண்டு, "என்ன, தண்ணீர் வந்துவிட்டதா?" என்று உற்சாகமாகக் கேட்டேன்.

குடையை விரித்துக் கொண்டு நின்றவர் திரும்பினார். நாற்பது வயது இருக்கும். "வந்துவிட்டது, ஸார். பத்தடியிலேயே வந்துவிட்டது. அதுதான் எங்கள் கவலை" என்றார்.

தண்ணீர் வந்ததற்காகக் கவலைப்படும் மனிதரை நான் சென்னையில் அதற்கு முன் சந்தித்ததில்லை. ஆகவே நின்றுவிட்டேன்.

அவர் மண் பரிசோதனை செய்யும் இஞ்சினீயர். அந்த மனையில் ஒரு வியாபாரக் கட்டடம் வரப் போகிறது. பூமிக்கு மேலே ஆறு மாடி. கீழே கார்கள் நிறுத்த இரண்டு மாடி. வரைபடம் போடுகிறவர் பேனாவைத் தொடுவதற்கு முன்னால், இந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வழுக்கும், எங்கே அமுங்கும் என்று இவர் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்த இரும்புக் குண்டு. அதன் எடை 63.5 கிலோ. அதை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடி வாங்குவது துவாரத்துக்குள் இறங்கியிருக்கும் ஒரு குழாய். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டதோ அதுதான் அந்த ஆழத்து மண்ணின் மார்க்கு. நாலைந்து அடியிலேயே இறங்கிவிட்டால் மண் பொலபொலப்பு. நாற்பது, ஐம்பது என்று போனால் கெட்டி. பாறை வந்துவிட்டால் குண்டு துள்ளும், குழாய் நகராது.

"வைத்தியர் நாடி பார்ப்பது போல" என்றேன்.

"நாடி பார்ப்பதோடு முடியவில்லை. ரத்தமும் எடுப்போம்" என்று, மண் நிரம்பிய குழாய் ஒன்றைக் காட்டினார். இரு முனையிலும் மெழுகு வைத்து அடைத்திருந்தது. உள்ளே இருக்கும் களிமண் பூமிக்கு அடியில் எப்படி இருந்ததோ அப்படியே, ஈரம் உலராமல், பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டும். அங்கே அதை நசுக்கிப் பார்ப்பார்கள்.

இந்தச் சமயத்தில் மனைக்குச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். ஜவுளி வியாபாரி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வந்ததும் வராததுமாக, "என்ன தம்பி, மூணாவது துவாரம் வேணுமாமே? ரெண்டு போட்டாச்சு. ரெண்டிலேயும் ஒரே மண்ணுதான் வந்துது. இன்னும் எதுக்கு?" என்றார்.

"பின் மூலையிலே ஒண்ணு போடணும், ஸார். அந்தப் பக்கம் வீடு இருக்கு" என்றார் இஞ்சினீயர்.

மதிற்சுவருக்கு அப்பால், மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய ஒற்றை மாடி வீடு ஒன்று தெரிந்தது. திண்ணையில் சாய்வு நாற்காலி. அதில் ஒரு பெரியவர் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார்.

"மண்ணிலே போட்ட பணம் மண்ணாத்தான் தம்பி போகும்" என்று வியாபாரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இஞ்சினீயருக்கு வரவில்லை.

"ஸார், நாம நிற்கிற இடம் எது தெரியுமா?" என்று கேட்டார். "ஏரி!"

அவர் சொன்னது வாஸ்தவம்தான். 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவிட்டுத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். இன்றைக்கு ஏரி இல்லை. ஆனால் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் என்ன தெரியும் என்பதை வாசகர்கள் போய்ப் பார்த்துக் கொள்ளலாம். ஏரிப் படுகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் மணல், பத்தடி தள்ளி வண்டல், அதற்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ குப்பை கொட்டி மூடிய பள்ளம். இரண்டு துவாரத்தில் ஒரே மண் வந்தது என்றால் அந்த இரண்டு இடத்தில் ஒரே மண் என்றுதான் அர்த்தம்.

"ஏரியிலே கட்டடம் கட்டக் கூடாதுன்னா தி. நகரே இருக்கக் கூடாது" என்றார் வியாபாரி. நியாயமான வாதம். அதற்கு இஞ்சினீயர் சொன்ன பதில்தான் மெக்ஸிகோ. அன்று அவர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே டெஸ்கோகோ என்ற பெரிய ஏரி இருந்தது. 1325-ல் மெக்ஸிகா என்ற ஜாதியார் அந்த ஏரித் தீவில் ஒரு நகரம் அமைத்தார்கள். 1521-ல் ஸ்பானியர்கள் வந்து அதை இடித்து, அதே கல்லைக் கொண்டு அதே இடத்தில் தங்கள் நகரத்தைக் கட்டிக் கொண்டார்கள். கரையில் எத்தனையோ நல்ல நிலம் இருக்க ஏரிக்குள்ளேதான் கட்டுவேன் என்று ஏன் பிடிவாதம் பிடித்தார்களோ! ஜெயித்தவனுக்குத் தோற்றவனின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால்தான் திருப்தி போலிருக்கிறது. 1629-ல் வந்த வெள்ளம் வடிய ஐந்து வருஷம் ஆயிற்று. அதன் பிறகும் நகரத்தை இடம் மாற்றவில்லை, ஏரியைத்தான் வெளியேற்றினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கால்வாய் வெட்டினார்கள். 1900-ல் பெரிய வடிகால் திறக்கப்பட்டது.

ஏரி போயிற்று, ஏரியின் மண் எங்கே போகும்? எரிமலைச் சாம்பல் நீரில் படிந்து படிந்து உண்டான களிமண் அது. உலகத்திலேயே விசித்திரமான மண் என்று இஞ்சினீயர்கள் சொல்கிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ, சில இடங்களில் நாலு கிலோ தண்ணீர் அதில் சேர்ந்திருக்கிறது. அரைத்த மாவைத் துணியில் கட்டி மேலே அம்மிக் கல்லை வைத்தால் என்ன ஆகும்? நீர் மெதுவாகக் கசியும், மாவு இறுகும், கல் கீழே இறங்கும். அந்தக் களிமண்ணின் மேல் கட்டடத்தை வைத்தாலும் அதேதான். கல்லே வைக்காமல் அடியிலிருந்து நீரை உறிஞ்சினாலும் அதேதான். மெக்ஸிகோக்காரர்கள் இரண்டையும் செய்தார்கள். ஜனத்தொகை பெருகப் பெருக, குடிநீருக்காகக் கிணறு தோண்டி இறைத்தார்கள்.

நகரமே இறங்குகிறது என்று ரோபர்ட்டோ கயோல் என்ற இஞ்சினீயர் 1925-ல் எடுத்துச் சொன்னார். கிணறுகளில் இறைக்கும் தண்ணீர்தான் காரணம் என்பதை 1947-ஐ ஒட்டி நாபோர் கரீயோ என்ற மேதை கணக்கிட்டுக் காட்டினார். அந்தச் சமயத்தில் நகர மையம் வருஷத்துக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கிக் கொண்டிருந்தது! பிறகு மையத்துக் கிணறுகளை மூடினார்கள், வேகம் குறைந்தது. ஆனால் நூறு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பழைய நகரம் சுமார் ஒன்பது மீட்டர் இறங்கியிருக்கிறது. ஒன்பது மீட்டர் என்றால் மூன்று மாடி. சுதந்திரத்தின் நூற்றாண்டுக்காக 1910-ல் அங்கே ஒரு தூண் எழுப்பி, உச்சியில் தேவதைச் சிலை வைத்தார்கள். தூணுக்கு ஆழமான அஸ்திவாரம், அது இறங்கவில்லை. சுற்றியிருந்த சாலை இறங்கிற்று. ஏறிப் போவதற்கு முதலில் ஒன்பது படி இருந்தது. பிறகு பதினாலு படி புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்த நகரத்தின் மையத்தில், ஒரு சாலைச் சந்திப்பில், எதிரும் புதிருமாக இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. நமது கதை இவற்றைப் பற்றியது.

ஒன்று, கலை மாளிகை. ஆடாமோ போவாரி என்ற இத்தாலியர் வரைபடம் போட, 1904-ல் வேலை ஆரம்பமாயிற்று. பனி போல வெள்ளைச் சலவைக்கல், கனமான கூரை, பளுவான அஸ்திவாரம். கட்டிக் கொண்டிருக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிட்டது. அடியில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்திப் பார்த்தார்கள். இறக்கம் நிற்கவில்லை. உள்நாட்டுப் போர் வேறு குறுக்கிட்டது. ஒரு வழியாக 1934-ல் திறப்பு விழா நடந்தது. இன்றைக்குப் பத்தடிக்கு மேல் இறங்கி நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஏறிப் போகும்படி கட்டிய மாளிகை அது.

மற்றொன்று, லத்தீனோ அமெரிக்கானா கோபுரம். ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தன் காரியாலயத்துக்காகவும் வாடகைக்கு விடுவதற்காகவும் கட்டிய வியாபாரக் கட்டடம். 44 மாடி; கம்பத்தோடு சேர்த்து சுமார் 182 மீட்டர். கலை மாளிகை எந்த மண்ணில் பத்தடி புதைந்ததோ, அதே மண்ணில், தெருவின் அந்தப் பக்கத்தில், பூகம்பம் அடிக்கடி வரும் ஊரில், 44 மாடி! பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருப்பேன்.

ஆனால் கம்பெனிக்காரர்கள் முதலில் கோபுரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. துவாரத்தைப் பற்றி யோசித்தார்கள். ஜேவார்ட் சகோதரர்கள் என்று இருவர். அண்ணன் தம்பிகளில் அடால்ஃபோ கட்டடப் பொறுப்பை ஏற்றார். லியோனார்டோ மண்ணின் பொறுப்பை ஏற்றார். ஆட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல இல்லினாய் பல்கலைக் கழகப் பேராசிரியர் நேதன் நியூமார்க் வந்தார். லியோனார்டோ பூமியைத் துளைத்து மேலிருந்து கீழ் வரை மண்ணின் அடுக்குகளை எடுத்துப் பார்த்தார். மேலே, பழைய நகரங்களின் இடிபாடு. அதன் கீழே அந்தக் களிமண். 33 மீட்டர் ஆழத்தில் சில மீட்டர் கனத்துக்கு ஒரு கெட்டியான மணல் அடுக்கு. சரி, கெட்டி கிடைத்துவிட்டது என்று அவர் கடையைக் கட்டவில்லை. அதற்கும் கீழே துளைத்தார். மறுபடியும் களிமண்! கெட்டி அடுக்கு என்பது இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் வைத்த பலகை என்று தெரிந்தது. முழுப் பாரத்தையும் பலகையின் மேல் வைத்தால் கீழ் மெத்தை அமுங்கும்.

ஆகவே அவர் செய்த யுக்தி இது. 361 கான்கிரீட் தூண்களை அந்தப் பலகை வரை இறக்கினார். ஆனால் கோபுரத்தின் முழு எடையையும் அவற்றின் தலையில் கட்டவில்லை. மனையில் சுமார் 13 மீட்டர் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் நீர் புகாத பெட்டி போல அடித்தளத்தை அமைத்தார். தோண்டி எடுத்த மண்ணும் நீரும் என்ன எடையோ, அந்த எடைக்குக் கட்டடம் ஏறினால் பூமிக்குப் புதுப் பாரம் எதுவும் இல்லை அல்லவா? தோணி நீரில் மிதப்பது போல, கோபுரம் ஓரளவு மண்ணில் மிதக்கிறது. மிதந்தது போக மீதிப் பாரம்தான் தூண்களுக்கு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, வாசகர்களுக்கும் வந்திருக்கும். நீர் நிறைந்த மண்ணில் 13 மீட்டர் தோண்டுவது எப்படி? பள்ளத்துக்குள் ஊறும் நீரை இறைத்தாக வேண்டும். இறைத்தால் பக்கத்து வீட்டின் அடியில் இருக்கும் நீரும் வடியும். நீர் வடிந்தால் மண் இறுகும். மண் இறுகினால் பக்கத்து வீடு இறங்கும். இறங்கும்போது சமமாக இறங்காது. சுவரில் முதலில் தலைமயிர் போல ஒரு கோடு, பிறகு கதவு மூடாது, பிறகு வக்கீல்.

லியோனார்டோ என்ன செய்தார் தெரியுமா? பள்ளத்தைச் சுற்றி வேலி போலப் பலகைகளை ஆழமாக இறக்கி, உள்ளே இறைத்த நீரை வெளியே, அக்கம் பக்கத்துக் கட்டடங்களின் அருகில், மறுபடி பூமிக்குள் செலுத்தினார். இங்கே எடுத்து அங்கே விடுவது. சாதாரண யோசனைதான். ஆனால் எங்கே எவ்வளவு எடுத்து எங்கே எவ்வளவு விடுவது என்பது, ஒவ்வோர் அடுக்கையும் முன்னாலேயே தெரிந்து வைத்துக் கொண்டவருக்குத்தான் முடியும். 1948-ல் ஆரம்பித்த கோபுரம் 1956-ல் திறக்கப்பட்டது.

சரியாக அடுத்த வருஷம், 1957 ஜூலை 28-ம் தேதி, பரீட்சை வந்தது. பெரிய பூகம்பம். படி சேர்த்த அந்தத் தூணின் மேலிருந்த தேவதை கீழே விழுந்து உடைந்தாள். கோபுரம் ஆடியது, அசைவை அளக்க மாடிகளில் ஏற்கனவே கருவிகள் வைத்திருந்தார்கள். எவ்வளவு ஆடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார்களோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆடியிருந்தது.

1985 செப்டம்பர் 19-ம் தேதி காலை வந்தது இன்னும் கொடியது. பூகம்பம் பிறந்தது மிச்சோவகான் கடற்கரையில். நகரத்திலிருந்து முன்னூறு, நானூறு கிலோ மீட்டர் தூரம். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஆட்டம் நியாயமாகத் தேய்ந்து போயிருக்க வேண்டும். நகரத்தின் ஓரத்தில், பாறை நிலத்தில் இருந்த கருவிகள் அப்படித்தான் காட்டின. ஏரி மண்ணில் இருந்த கருவியோ ஏறக்குறைய ஐந்து மடங்கு காட்டிற்று! தாம்பாளத்தில் இருக்கும் அல்வாவைத் தட்டிப் பார்த்தால் தெரியும். தாம்பாளம் நின்ற பிறகும் அல்வா ஆடும்.

அந்த மண் இரண்டு வினாடிக்கு ஒரு தடவை என்ற தாளத்தில் ஆடியது. ஊஞ்சலை அதன் போக்கோடு சேர்த்துத் தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் உத்தரத்தைத் தொடும். ஆறு மாடியிலிருந்து பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்களின் இயற்கையான ஆட்டம் அந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டது. 400-க்கு மேற்பட்ட கட்டடங்கள் இடிந்தன. ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். ஓரிரண்டு மாடி உள்ள பழங்காலக் கல் வீடுகள் பெரும்பாலும் தப்பின. 44 மாடிக் கோபுரத்தின் ஆட்டம் மெதுவானது. மண்ணின் தாளத்துக்கு அது அகப்படவில்லை. அடால்ஃபோ ஜேவார்ட் அன்று காலை அந்தக் கோபுரத்திலேயே 25-வது மாடியில் தம் அறையில் இருந்தார். சுற்றிலும் நகரம் சரிவதை அவர் அங்கிருந்து பார்த்தார். அந்த மனிதரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தம் கணக்குச் சரியாக வந்ததற்குச் சந்தோஷப்படக் கூட முடியாத காட்சி.

2017-ல் அதே செப்டம்பர் 19-ம் தேதி மறுபடியும் பூகம்பம். இந்தத் தடவை அது பிறந்தது நகரத்துக்கு அருகில். தாளம் வேறு, விழுந்த கட்டடங்களின் உயரமும் வேறு. கோபுரம் அப்போதும் நின்றது.

இவ்வளவையும் கேட்ட ஜவுளி வியாபாரி, "அது பூகம்ப தேசம், தம்பி. நம்ம ஊர்ல ஏது?" என்றார்.

2002-ல் சென்னையை இரண்டாவது பூகம்ப மண்டலத்திலிருந்து மூன்றாவது மண்டலத்துக்கு மாற்றினார்கள் என்பதை இஞ்சினீயர் சொன்னார். ஆனால் தம் கவலை பூகம்பம் இல்லை என்றும் ஒப்புக் கொண்டார். மாம்பலம் ஏரி பாசன ஏரி. அதன் வண்டலை மெக்ஸிகோ களிமண்ணோடு ஒப்பிடுவது எலியை யானையோடு ஒப்பிடுவது போல. சென்னையில் தெற்கே கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை மேலேயே எட்டிப் பார்க்கும். கடலோரத்தில் மணல். கூவம் கரையில் களியும் மணலும் மாறி மாறி. சில இடங்களில் தெருவுக்குத் தெரு பூமி வேறு. 2017 ஏப்ரல் 9-ம் தேதி அண்ணா சாலையில், அடியில் சுரங்க ரயில் வேலை நடந்த இடத்தில், சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கினதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரயாணிகள் தப்பியது நம் பாக்கியம்.

"பூகம்பம் இல்லாமலே விஷயம் முற்றலாம், ஸார். ஸான் பிரான்ஸிஸ்கோவிலே பாருங்க" என்று ஆரம்பித்தார். அங்கே நகர மையத்தில் மில்லேனியம் டவர் என்று 58 மாடிக் குடியிருப்பு ஒன்று 2009-ல் திறக்கப்பட்டது. கோடீசுவரர்கள் போட்டி போட்டு வீடு வாங்கினார்கள். 950 தூண்கள், ஆனால் அவை கெட்டி மணலோடு நின்றுவிட்டன. மணலுக்குக் கீழே பழைய களிமண், அதற்கும் வெகு ஆழத்தில் பாறை. 2016-ல் செய்தி வெளியாயிற்று: கட்டடம் சுமார் 16 அங்குலம் இறங்கிவிட்டது, ஒரு பக்கம் சாயவும் ஆரம்பித்துவிட்டது. கட்டியவர்கள், பக்கத்தில் போக்குவரத்து நிலையத்துக்காகத் தோண்டி நீர் இறைத்ததுதான் காரணம் என்றார்கள். நிலையத்தார், பாறை வரை தூண் இறக்காதது உங்கள் குற்றம் என்றார்கள். வழக்கு, வழக்கின் மேல் வழக்கு. கடைசியில் 18 புதுத் தூண்களைப் பாறை வரை இறக்கி, 2023-ல்தான் வேலையை முடித்தார்கள். செலவு சுமார் பத்துக் கோடி டாலர்.

"பத்துக் கோடி டாலரா?" என்று வியாபாரி கேட்டார். பூகம்பத்துக்கு அசையாதவர் இதற்கு அசைந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டுக் கடை கட்டுகிறவர் அவர். சலவைக்கல்லுக்குக் கொடுக்கும் காசு நாலு பேர் கண்ணில் படும். மின்சார ஏணிக்குக் கொடுக்கும் காசில் ஜனங்கள் ஏறி இறங்குவார்கள். துவாரத்துக்குக் கொடுக்கும் காசை யார் பார்க்கப் போகிறார்கள்? துவாரத்தையே மூடிவிடுவார்கள். அதிலும் நல்ல மண் வந்துவிட்டால், "இதற்கா இவ்வளவு செலவு?" என்று தோன்றத்தான் தோன்றும். எனக்கும் டாக்டரிடம் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபோது, உள்ளுக்குள் சிறிது ஏமாற்றமாக இருந்தது உண்டு.

இஞ்சினீயர் மேலும் வற்புறுத்தவில்லை. பின் மூலையைக் காட்டி, "இரண்டு மாடி கீழே போறோம், ஸார். இருபத்தைந்து அடியாவது தோண்டணும். பத்தடியிலே தண்ணி. அந்த வீட்டுப் பக்கம் என்ன மண்ணுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்று மட்டும் சொன்னார். வியாபாரி பதில் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். நானும் வீட்டுக்குத் திரும்பினேன். வேட்டி ஞாபகம் பனகல் பார்க்கைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை வேட்டிக்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரே அந்தச் சந்துக்குப் போனேன். முக்காலி பின் மூலைக்கு நகர்ந்திருந்தது. வியாபாரியும் நின்று கொண்டிருந்தார். சம்மதித்துவிட்டார் போலிருக்கிறது, ஆனால் முகத்தில் தெளிவில்லை.

'டங்.' ஒன்று. 'டங்.' இரண்டு. 'டங்.' பையன் எண்ணுவதை நிறுத்திவிட்டு இஞ்சினீயரைப் பார்த்தான். மூன்றே அடியில் குழாய் முழுக்க இறங்கிவிட்டது. முன் இரண்டு துவாரங்களிலும் அதே ஆழத்தில் பதினாலும் பதினாறும் வந்திருந்தது. குழாயை மேலே எடுத்துத் திறந்தார்கள். கன்னங்கரேலென்று சேறு. நடுவில் வெள்ளையாக ஒரு நத்தை ஓடு, உடையாமல்.

வியாபாரி அதை விரலால் எடுத்துத் துடைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார். "குளத்து வாசனை அடிக்குது, தம்பி" என்றார்.

"குளமோ, மூடின கிணறோ. சுற்றி இன்னும் ரெண்டு துவாரம் போட்டாத்தான் எவ்வளவு அகலம்னு தெரியும்" என்றார் இஞ்சினீயர். தோண்டுவதற்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்கப் பூமிக்குள் கான்கிரீட் சுவர் இறக்க வேண்டியிருக்கும். அடுத்த வீட்டு ஓரத்தில் நீர் மட்டம் பார்க்கக் குழாய் வைக்க வேண்டும். அல்லது கீழ் மாடி இரண்டுக்குப் பதில் ஒன்றோடு நிறுத்த வேண்டும். எதற்கு என்ன செலவு என்று அவர் சொல்லச் சொல்ல, வியாபாரி கையிலிருந்த நத்தை ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

பிறகு மதிற்சுவர் அருகே போய், "ஐயா!" என்று கூப்பிட்டார். திண்ணைப் பெரியவர் பத்திரிகையைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்கு அஸ்திவாரம் எத்தனை அடி போட்டிருக்கு?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பா கட்டினது. மூணடியோ நாலடியோ... ஏன் கேக்கறேள்?"